இரண்டு மழை கண்ட கதவு: தக்கலைப் பக்கத்துத் தச்சுப் பட்டறை ஒன்றைப் பற்றி

குளச்சலுக்கு அருகே, கடலிலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எங்கள் பழைய வீட்டுக்கு ஒரு வாசற்கதவும் அதற்குரிய நிலையும் செய்வதற்காக, சென்ற ஆண்டு தை மாதத்தில், தக்கலையிலிருந்து குலசேகரம் போகும் சாலையை ஒட்டிய ஒரு தச்சுப் பட்டறையில் முன்பணம் கொடுத்தேன். வைகாசி பிறப்பதற்குச் சில நாள்கள் முன்பு கதவு வந்து சேர்ந்தது. அதன் பிறகு இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையும் துலா மழை எனும் வடகிழக்குப் பருவமழையும் பெய்து ஓய்ந்துவிட்டன. குமரி மாவட்டத்தில் மரவேலை எதுவானாலும் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகளையும், அவை முடிந்து வரும் மாசி, பங்குனி வெயிலையும் தாங்கியாக வேண்டும். அந்தச் சுற்று முழுவதும் முடியாமல் ஒரு கதவைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்வது சரியாகாது என்பதால்தான் இந்த மதிப்புரையை இவ்வளவு தாமதித்து எழுதுகிறேன்.

பட்டறைக்குப் பெயர்ப்பலகை இல்லை. அதை நடத்துகிற மூத்த தச்சர் தம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கையில் இருக்கும் வேலையே ஓராண்டுக்கு மேல் வரும், தேடி வருகிறவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப மனமில்லை என்றார். அங்கே தொழில் பழகுகிறவர்கள் அவரை ஆசான் என்று அழைக்கிறார்கள். வர்மமும் சிலம்பமும் கற்றுத்தருகிறவர்களுக்கு எங்கள் மாவட்டத்தில் வழங்கும் அதே சொல். நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். விலாசம் சொல்லாத ஒரு பட்டறைக்கு மதிப்புரை எதற்கு என்று கேட்கலாம். கதவோ கட்டிலோ செய்யக் கொடுக்கப் போகிறவர் எந்தப் பட்டறையிலும் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை இந்த ஒரு கதவின் வழியாக நான் தெரிந்துகொண்டேன். அங்கே யாராவது தொழில் பழகுகிறார்களா, பழகுகிறார்கள் என்றால் எப்படிப் பழக்கப்படுகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு முன் இருந்த கதவின் கதையைச் சொல்லாமல் இது விளங்காது. அது வேறொரு கடையில் ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய தேக்குக் கதவு. பார்வைக்குக் குறையே இல்லை. பாலிஷ் கண்ணாடிபோல் மின்னியது. பொருத்திய முதல் ஆனி மாதத்திலேயே கதவு நிலையோடு இறுகிக்கொண்டது. தோளால் முட்டித் திறந்தோம். கடையிலிருந்து ஓர் இளைஞர் வந்து ஓரத்தை இழைத்துவிட்டுப் போனார். பங்குனியில் அதே ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. நடுப்பலகை மேலிருந்து கீழாக நேர்கோட்டில் பிளந்தது. மறுபடி வந்த அதே இளைஞர் கதவைக் கழற்றிப் பார்த்தபோது, பலகையின் நான்கு பக்கமும் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டி, போதாக்குறைக்கு ஆணியும் அடிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. "பலகையை ஒட்டக் கூடாதுன்னு எனக்கு யாரும் சொல்லித்தரல சார்" என்றார். அந்தக் கடையில் சேர்ந்த இரண்டாம் வாரமே அவரைக் கதவுச் சட்டம் கூட்டச் சொல்லிவிட்டார்களாம். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. 32 ஆண்டுகள் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். கற்றுத்தரப்படாத ஒன்றுக்காக ஒருவரைக் குறைசொல்வது நியாயமில்லை என்பதை நன்றாக அறிவேன்.

ஏன் ஒட்டக் கூடாது என்பதை ஆசான் பட்டறை முற்றத்தில் நின்றபடியே ஐந்து நிமிடத்தில் எனக்கு விளக்கினார். மரம் ஈரத்தை இழுக்கும்போது அகலவாக்கில் விரியும். ஈரம் போனால் அகலவாக்கில் சுருங்கும். நார் ஓடும் நீளவாக்கில் ஏற்படும் மாற்றம் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. அகலத்திலும் எல்லாப் பலகையும் ஒன்றுபோல் சுருங்குவதில்லை. வளையங்களை ஒட்டிய வாக்கில் அறுத்த பலகை, மரத்தின் மையத்திலிருந்து வெளிநோக்கி ஆரவாக்கில் அறுத்த பலகையைவிட ஏறத்தாழ இரு மடங்கு சுருங்கும். ஆகவே சட்டத்துக்கு நடுவில் வரும் அகலமான பலகையைப் பசையில்லாமல், சட்டத்தின் உட்புறம் வெட்டிய காடி என்ற நீள்பள்ளத்துக்குள் நுழைத்து, இரு ஓரத்திலும் கொஞ்சம் இடம் விட்டு நிறுத்த வேண்டும். மழைக்கு விரியும் பலகை காடிக்குள் போகும்; வெயிலுக்குச் சுருங்கினால் காடியிலிருந்து சற்று வெளியே வரும்; வெளிச் சட்டத்தின் அளவு பெரிதாக மாறாது, கதவும் இறுகாது. "மழைக்கு மரம் அகலும் சாரே. அதைத் தடுத்தா ஒண்ணு பலகை பிளக்கும், இல்லாட்டி சட்டம் விட்டுப்போகும்" என்றார்.

இதில் ரகசியம் எதுவும் இல்லை. ஆனால் புதிதாகச் செய்த கதவில், சரியாகச் செய்ததும் தவறாகச் செய்ததும் ஒரே மாதிரிதான் இருக்கும். வேறுபாடு வெளியே தெரிய ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் வேண்டும். அதற்குள் செய்தவர் வேறு ஊரில் வேறு வேலைக்குப் போயிருப்பார். தாம் செய்தது பிளந்த செய்தி அவர் காதுக்கே எட்டாது. அப்படி ஒருவர் பத்து ஆண்டுகள் வேலை செய்தாலும் முதல் மாதத்தில் செய்த தவற்றையே பத்து ஆண்டும் செய்துகொண்டிருப்பார். பிழை வெளிப்பட ஓராண்டு எடுக்கும் தொழிலை ஓராண்டுக்கும் குறைவான காலத்தில் கற்றுவிட முடியாது என்பது எனக்கு உறைத்தது அந்த முற்றத்தில்தான். பழகுநர் ஒரே ஆசானிடம், ஒரே பட்டறையில் மூன்று ஆண்டு இருப்பதன் பயன் கைவேகம் மட்டும் அன்று. தம் கையால் செய்த பொருள் மழையில் என்ன ஆயிற்று என்பதைத் தம் கண்ணால் பார்க்கும் வரை அவர் அங்கேயே இருக்கிறார்.

பட்டறை பெரிதன்று. ஓடு வேய்ந்த ஒரு நீண்ட கொட்டகை, பின்னால் ரப்பர்த் தோட்டம், பக்கவாட்டில் பலகைகளுக்கு இடையிடையே குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்கிய மேடை. அங்குலக் கனத்துக்கு ஓராண்டு உலர்த்த வேண்டும் என்ற பழைய கணக்கை ஆசான் பின்பற்றுகிறார். ஆனாலும் அதை மட்டும் நம்பாமல், ஈரம் பார்க்கும் சிறு கருவியின் இரண்டு முனைகளைப் பலகையில் குத்திப் பார்த்த பிறகே வேலைக்கு எடுக்கிறார். ஒவ்வொரு பலகையின் தலைப்பிலும் அறுத்த தேதி கறுப்பு மையால் எழுதப்பட்டிருக்கிறது. ஆசானையும் சேர்த்து வேலை செய்கிறவர்கள் 6 பேர். இருவர் அங்கேயே பழகி முழுத் தொழிலாளர் ஆனவர்கள். மீதி மூவர் பழகுநர்கள்: முட்டத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து வந்த முதலாண்டு இளைஞர்; தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சுப் பிரிவு முடித்துவிட்டு வந்து இப்போது இரண்டாம் ஆண்டில் இருப்பவர்; அருமனைப் பக்கத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்துபோகும் 21 வயதுப் பெண், மூன்றாம் ஆண்டு. மூவரில் எவருடைய குடும்பமும் தச்சுக் குடும்பம் அன்று. தம் தகப்பனார் காலத்தில் இப்படி வெளியாருக்குக் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள் என்று ஆசான் வெளிப்படையாகவே சொன்னார். தகப்பன் மகனுக்கும் மாமன் மருமகனுக்கும் மட்டும் சொல்லிக்கொடுத்துவந்த தொழில், கற்க விரும்பி வருகிற எவருக்கும் இங்கே திறந்திருக்கிறது. இந்தப் பட்டறையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

முதல் மூன்று மாதம் பழகுநருக்கு உளி தீட்டுவதுதான் வேலை. கதவின் வேலை நடந்த காலத்தில் நான் ஐந்தாறு முறை அங்கே போனேன். ஒருநாள் முழு முற்பகலும் அந்தக் கடற்கரை இளைஞர் தீட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உளியின் பின்முகம் முதலில் கல்லில் ஒரே சமமாகப் படிய வேண்டும். அது தட்டையாகாமல் முன்பக்கச் சரிவை எவ்வளவு தீட்டினாலும் முனை நிற்காது. சரிவு 25-இலிருந்து 30 பாகைக்குள் இருக்க வேண்டும். கை சற்று ஏறி இறங்கினாலும் சரிவு உருண்டுவிடும். தீட்டியதைச் சோதிக்க ஆசான் மென்மையான முருக்கமரத் துண்டு ஒன்றைக் கொடுத்து, அதன் வெட்டுமுகத்தைச் சீவச் சொல்கிறார். உளி மழுங்கியிருந்தால் நார்கள் நசுங்கி அந்த இடம் வெளிறித் தூள் பூத்ததுபோல் ஆகிறது. கூராக இருந்தால் வெட்டுமுகம் நனைந்த கல்போல் பளபளக்கிறது. நான் பார்த்த அன்று நான்கு முறை வெளிறியது, ஐந்தாம் முறை பளபளத்தது. இடையில் ஆசான் ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தார்: "லே மக்கா, உளிதான் வெட்டணும், நீ தள்ளப்பிடாது." இளைஞர் தோளைத் தளர்த்திக்கொண்டு மறுபடி கல்லுக்குப் போனார். அந்த மூன்று மாதத்துக்கும் அவருக்குப் படி உண்டு. தீட்டிய உளிகளைத்தான் மற்றவர்கள் அன்றன்று வேலைக்கு எடுக்கிறார்கள் என்பதால், பழகும் நாளிலேயே அவருடைய உழைப்பு பட்டறைக்குப் பயன்படுகிறது. தீட்டுவது சரியில்லை என்றால் மூன்றாம் ஆண்டுப் பெண்ணே உளியைத் திருப்பிக் கொண்டுவந்து அவர் முன் வைத்துவிடுகிறார்.

இரண்டாம் மாதம் ஆசான் புதுப் பழகுநரைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துப்போகிறார். தக்கலையிலிருந்து 2 கிலோமீட்டர்தான். 1601-இல் தொடங்கப்பட்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் மார்த்தாண்டவர்மர் காலத்தில் பெருமளவு விரிவாக்கப்பட்டு, 1795 வரை திருவிதாங்கூரின் தலைமையிடமாக இருந்த அந்த மர அரண்மனையின் பூமுகம் எனப்படும் வாசல் மண்டபத்தின் மேற்கூரையில் ஒன்றுபோல் ஒன்றில்லாத 90 பூக்கள் செதுக்கப்பட்டிருப்பதைப் பார்க்கத்தான் எல்லாரும் அண்ணாந்து நிற்பார்கள். பழகுநர் பார்க்க வேண்டியது பூவை அன்று. கூரையின் சாய்வு மரங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடம். எந்த மரம் எதன்மேல் படிகிறது, எது எதற்குள் நுழைகிறது என்பதை நோட்டில் வரைந்துகொண்டு வர வேண்டும். கடற்கரை இளைஞரின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்துப் படத்தில் மரங்கள் காற்றில் மிதந்தன. அடுத்தடுத்த பக்கங்களில் ஒவ்வொன்றாக ஒன்றில் ஒன்று இறங்கி அமர்ந்திருந்தன. இந்த மாவட்டத்துப் பள்ளிகளிலிருந்து எத்தனையோ முறை பிள்ளைகளை அதே அரண்மனைக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை அவர்கள் கையில் கொடுத்து அனுப்பத் தோன்றாமல் போயிற்றே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

என் கதவுக்கு வருகிறேன். பலா இனத்து அயினி மரத்தில் நிலை, பலா மரத்தில் கதவு. ஒன்றரை அங்குலக் கனமுள்ள சட்டங்கள். குறுக்குச் சட்டத்தின் நுனியில் அரை அங்குலக் கனத்தில் ஒரு நாக்கு விட்டு, அது நெடுஞ்சட்டத்தில் வெட்டிய துளைக்குள் இறங்கும் பொருத்து. நாக்கு சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதைவிட மெலிந்தால் நாக்கு ஒடியும், தடித்தால் துளையின் சுவர் பலவீனப்படும். நடுக் குறுக்குச் சட்டத்தை வெட்டியவர் இரண்டாம் ஆண்டுப் பழகுநர். நான் போயிருந்த நேரத்தில் அவர் அதைத் துளையில் நுழைத்துப் பார்த்தார்; எனக்குச் சரியாக இருப்பதாகவே தோன்றியது. ஆசான் நெடுஞ்சட்டத்தை இரு கையாலும் தூக்கிச் சாய்த்துப் பிடித்தார். குறுக்குச் சட்டம் தன் எடையிலேயே மெல்ல நழுவிக் கீழே விழுந்தது. நாக்கு ஒரு தடித்த காகிதத்தின் அளவு மெலிந்துவிட்டது, அவ்வளவுதான். மரத்தூளைப் பசையில் குழைத்து இடைவெளியில் அடைத்தால் வெளியே தெரியாது என்று எனக்கே தெரியும். ஆசான் அதை நினைக்கவே இல்லை. "கையால தட்டி இறக்கணும், தூக்கினா நிக்கணும். பசை அதுக்கு மேல ஒரு துணைதான்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, வேறு பலாக் கட்டை எடுத்து அந்தச் சட்டத்தைப் புதிதாகச் செய்யச் சொன்னார். அதனால் எனக்கு நான்கு நாள் தாமதம். மரத்தின் விலை பட்டறையின் கணக்கில்.

விழுந்த அந்தத் துண்டு வீணாக எறியப்படவில்லை. கொட்டகையின் மேற்குச் சுவர் முழுவதும் இப்படிப்பட்ட பிழைத் துண்டுகள் ஆணியில் தொங்குகின்றன. எண்ணினேன், 23 இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் தேதியும் காரணமும் எழுதியிருக்கிறது: "நாக்கு மெலிவு", "ஈரம் காயாத பலகை, ஆடியில் வளைந்தது", "நார் திரும்பியதைப் பார்க்காமல் இழைத்தது". யார் செய்தது என்று மட்டும் எழுதுவதில்லை. ஆசான் தாமே சென்ற ஆண்டு தவறாக வெட்டிய ஒரு ஜன்னல் கம்பும் அங்கே இருப்பதாக அந்தப் பெண் எனக்குக் காட்டினார். தன் தவற்றை மாணவர் முன் சுவரில் மாட்டி வைக்கும் ஆசிரியரை நான் என் பணிக்காலத்தில் கண்டதில்லை. அந்தச் சுவரைப் பார்த்த பிறகு, தாமதத்தைப் பற்றி எனக்கிருந்த எரிச்சல் பெரும்பாலும் போய்விட்டது.

கற்பிக்கிற பட்டறையில் வேலை ஏன் நன்றாக அமைகிறது என்பதற்கு இன்னொரு காரணமும் எனக்குத் தெரிந்தது. பழகுநர் இருப்பதால், ஆசான் ஒவ்வொன்றையும் ஏன் செய்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாய்விட்டுச் சொல்லும்போது எதையும் தாண்டிப் போக முடியாது. சட்டங்களைக் கூட்டியதும், எதிரெதிர் மூலைகளுக்கு இடையே இரண்டு நூல்களைப் பிடித்து நீளம் சமமாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்து மூலைவிட்டங்களும் சமமானால்தான் அது செவ்வகம். ஒன்று நீண்டால் சாய்ந்த இணைகரத்தின் பக்கம் போய்விட்டது என்று பொருள். முதலாண்டு இளைஞர் நூலைப் பிடித்தபடி ஏன் என்று கேட்க, மூன்றாம் ஆண்டுப் பெண் நான்கு குச்சிகளை எடுத்து மூலைகளில் கட்டி, நசுக்கிக் காட்டி விளக்கினார். நான் கரும்பலகையில் நடத்தியதைவிட நன்றாக இருந்தது. அதே நேரத்தில் என் கதவு இருமுறை அளக்கப்பட்டுவிட்டது.

இனி விலையும் குறைகளும். நிலை, கதவு, பித்தளைக் கீல்கள், பூட்டு, ஆளிவிதை எண்ணெய்ப் பூச்சு, கொண்டுவந்து பொருத்திய கூலி எல்லாம் சேர்த்து 72,000 ரூபாய் ஆயிற்று. இதே அளவுக்குக் கடைகளில் ஏறத்தாழ 50,000 சொன்னார்கள். கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் என்பதால் பித்தளைக் கீல் வேண்டும் என்று பட்டறையில் சொன்னதும் விலை கூடியதற்கு ஒரு காரணம். 60 நாளில் முடிப்பதாகச் சொன்னது 100 நாளைத் தாண்டியது. தாமதத்தைவிட, தாமதமாகும் என்பதை அவர்களாகத் தெரிவிக்காததே எனக்குக் குறை. ஒவ்வொரு முறையும் நானே நேரில் போய்த்தான் அறிந்துகொண்டேன். விவரமான ரசீதும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. குடிபுகும் தேதி குறித்துவிட்டு அவசரத்தில் வருகிறவர்களுக்கு இந்தப் பட்டறை ஏற்றதன்று.

அதைவிடப் பெரிய குறை தூசி. அறுவை இயந்திரமும் இழைப்பு இயந்திரமும் ஓடும்போது கொட்டகை முழுவதும் புகைபோல் மரத்தூள் பரவுகிறது. தூசியை உறிஞ்சும் அமைப்பு இல்லை, முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்கிறார்கள். மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. நாற்பது ஆண்டு இதே காற்றைச் சுவாசித்த ஆசானுக்கு அது பழகிவிட்டிருக்கலாம். இருபது வயதில் நுழைகிறவர்களை அதற்குப் பழக்கக் கூடாது. இதை அவரிடமே சொன்னேன். நல்ல முகமூடிகள் உடனே வாங்குவதாகச் சொன்னார், அடுத்த முறை போனபோது வாங்கியும் இருந்தார். உறிஞ்சும் இயந்திரம் இன்னும் வரவில்லை. 18 வயது நிரம்பாத எவரையும் அவர் சேர்ப்பதில்லை என்பதையும், அறுவை வட்டின் மேல் காப்பு மூடி எப்போதும் இருந்ததையும் அவருக்காகக் குறிப்பிட வேண்டும்.

மற்றொரு குறை, எதுவும் எழுத்தில் இல்லாதது. மூவருக்கும் முதல் ஆண்டில் நாளுக்கு 350 ரூபாயும் மதியச் சாப்பாடும். ஆண்டுதோறும் தொகை கூடுகிறது. மூன்றாம் ஆண்டில் மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கி, முடித்துப் போகும்போது ஒரு முழுத் தொகுதி உளி, இழைப்புளி, ரம்பம் வாங்கித் தருகிறார். அதை வைத்துக்கொள்ள அவரவரே ஒரு கருவிப்பெட்டி செய்துகொள்ள வேண்டும். விசிறிபோல் விரிந்த பற்கள் ஒன்றையொன்று கவ்வும் மூலைப்பொருத்து அந்தப் பெட்டியில் நான்கு மூலையிலும் ஆணியின்றி அமைய வேண்டும், அதுதான் தேர்வு. எல்லாம் வாய்ச்சொல்லில் நடக்கிறது. வாக்குத் தவறியதில்லை என்று பழைய பழகுநர்கள் இருவரும் சொன்னார்கள். ஆயினும் பட்டறையைவிட்டு வெளியே போகும்போது அவர்கள் கையில் மூன்று ஆண்டைக் காட்டும் ஒரு தாள்கூட இருப்பதில்லை. வளைகுடா நாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் வங்கியில் கடன் கேட்கும்போதும் பெட்டியை எடுத்துக்காட்ட முடியாது.

இதற்கு வழி இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, பழகுநருக்கும் பயிற்சி தருபவருக்கும் இடையே எழுத்து ஒப்பந்தம் வேண்டும், உதவித்தொகை உண்டு, முடிவில் தேர்வும் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழும் உண்டு. 30 பேரும் அதற்கு மேலும் பணியாற்றும் நிறுவனங்கள் தங்கள் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்ப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை உள்ள சிறு பட்டறைகள் விரும்பினால் சேர்க்கலாம். 2016-இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையில் கால் பங்கை, ஒருவருக்கு மாதம் 1,500 ரூபாய் வரை, அரசு ஏற்கும் என்று வகுத்தார்கள். ஆசான் இதைக் கேள்விப்பட்டிருக்கிறார். கணினியில் பதிவது, மாதாமாதம் கணக்குக் காட்டுவது என்பதைக் கேட்டே ஒதுங்கிவிட்டார். ஆறு பேர் உள்ள பட்டறைக்கு அது பெரிய சுமைதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுமை பழகுநரின் தலையில் போய் விழுகிறது என்பதால், இந்த ஒன்றில் நான் அவர் பக்கம் நிற்க முடியவில்லை. தொழிற்பயிற்சி நிலையத்திலிருந்து வந்தவர் இதை என்னைவிடத் தெளிவாகச் சொன்னார்: அங்கே வரைபடம் படிக்கவும் மரங்களின் வகையும் குணமும் அறியவும் கற்றாராம், கை இங்கேதான் வந்ததாம், ஆனால் கேட்கிற இடத்தில் காட்ட முடிந்தது அந்தச் சான்றிதழைத்தானாம். ஜெர்மனியில் தச்சுத் தொழில் பழகுகிறவர் மூன்று ஆண்டுகள், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியிலும் மீதி நாள் பட்டறையிலும் இருப்பார். இரண்டும் ஒரே பயிற்சியின் இரண்டு பாதிகளாக அங்கே எண்ணப்படுகின்றன. இங்கே அந்த இளைஞர் இரண்டையும் தம் முயற்சியால் ஒட்ட வைத்துக்கொண்டிருக்கிறார்.

பழைய குருகுல முறை என்று சொல்லிப் பெருமைப்படுகிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. என் மூத்த அண்ணன் 1970-களில் ஒரு பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். வெற்றிலை வாங்குவதும் மாட்டுக்குப் புல் அறுப்பதும் அவர் வேலை. உளியைக் கையில் கொடுக்கவே ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அளவு கணக்கிடும் நேரத்தில் முதலாளி முதுகைத் திருப்பிக்கொள்வாராம், பையன் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று. கூலி கிடையாது, அடி உண்டு. இரண்டாம் ஆண்டு முடியுமுன் விட்டுவிட்டு எஸ்டேட் வேலைக்குப் போனவர் கடைசி வரை மரத்தில் கைவைக்கவில்லை. நான் பாராட்டி எழுதுகிற இந்தப் பட்டறையில் அளவுகள் சுண்ணக்கட்டியால் சுவரில் எழுதப்பட்டிருக்கின்றன. தேநீர் வாங்கிவர ஆசானும் முறைவைத்துப் போகிறார்.

கதவு எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் பலா மரம் மஞ்சளாக இருந்தது. இப்போது தேன் நிறத்துக்குத் திரும்பியிருக்கிறது, இன்னும் சில ஆண்டில் செம்பழுப்பாகும் என்றார்கள். ஆனி, ஆடியில் இரவு முழுவதும் சாரல் அடித்த நாள்களிலும் ஒரு விரலால் தள்ளினால் திறந்தது. துலா மழையின்போது பூட்டு ஒருமுறை சற்று இறுகியது, மறுவாரம் தானே சரியாயிற்று. பலகைகளில் பிளவு இல்லை. பலகையின் ஓரத்தில், காடிக்குள் இருந்து வெளியே வந்த இடத்தில், மாசி மாதத்தில் ஒரு நூலளவு வெளிர்மஞ்சள் கோடு தெரிந்தது. எண்ணெய்ப் பூச்சு ஏறாத அந்தப் பகுதி மழைக்காலத்தில் உள்ளே மறைந்திருந்ததுதான். பழைய கதவாக இருந்தால் அந்த நூலளவுக்குத்தான் பிளந்திருக்கும்.

அந்தக் கோட்டை எனக்குக் காட்டியவர் மூன்றாம் ஆண்டுப் பெண். பொருத்திய கதவையும் கட்டிலையும் ஒரு சுற்று மழையும் வெயிலும் முடிந்ததும் கட்டணமின்றிப் போய்ப் பார்ப்பது இந்தப் பட்டறையின் வழக்கம். செய்த பழகுநர்களையே ஆசான் அழைத்துவருகிறார். சென்ற மாதம் மூவரும் அவரோடு வந்தார்கள். இரண்டாம் ஆண்டு இளைஞர் நேராக நடுக் குறுக்குச் சட்டத்துக்குப் போய், தாம் மறுபடி செய்த பொருத்தின்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் எங்கும் தட்டவில்லை. பெண் நிலைக்கும் கதவுக்கும் இடையே நான்கு இடத்தில் நாணயத்தை நுழைத்துப் பார்த்து அளவுகளை நோட்டில் எழுதிக்கொண்டார். முதலாண்டு இளைஞர் அந்த மஞ்சள் கோட்டின் முன் வெகுநேரம் குனிந்து நின்றார். "இதை நிறம் பூசிட்டு நுழைச்சிருந்தா தெரிஞ்சிருக்காதுல்லா ஆசானே?" என்று கேட்டார். ஆசான் சிறிது யோசித்து, சரிதான் என்றார். இனிமேல் பலகையின் ஓரங்களுக்குச் சட்டம் கூட்டுவதற்கு முன்பே எண்ணெய் கொடுத்துவிட வேண்டும் என்று பெண்ணிடம் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்தார்.

தெற்குப் பக்கத்து இரண்டு ஜன்னல்களுக்கு அன்றே முன்பணம் கொடுத்தேன். பெண்ணின் கருவிப்பெட்டி முடியும் தறுவாயில் இருக்கிறது. ஜன்னல்களை முழுவதும் அவரே செய்வார் என்று ஆசான் சொல்லியிருக்கிறார். அதற்கான அயினிப் பலகைகள் மேடையில் இருக்கின்றன, இன்னும் ஈரம் சரியாகவில்லை. ஆவணிக்கு முன் எடுக்க முடியாதாம்.